அறவியலாரின் காகிதக் கோப்பை

அமெரிக்கத் தத்துவச் சங்கக் கூட்டங்களில் உரை நடக்கும்போதே வாயடிப்பவர் யார், கதவை அறைந்து சாத்துபவர் யார், காகிதக் கோப்பையை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர் யார் என்று தத்துவவியலாளர் எரிக் ஷ்விட்ஸ்கெபெலும் கூட்டாளிகளும் கவனித்து 2012இல் கட்டுரையாக்கினார்கள். அறவியல் அரங்கினர் மற்றவர்களைவிட ஒழுங்காக நடந்ததாகத் தெரியவில்லை. சுற்றுச்சூழல் அறவியல் அரங்குகளில் மட்டும் குப்பை குறைவு. பேசுபொருளே குப்பையானால்தான் உறைக்கும் போலும். ‘ஆராய்வதுதான் எங்கள் தொழில், நடந்து காட்டுவதல்ல’ என்பார்கள் அறவியலார். நியாயம்தான், புகைபிடிக்கும் டாக்டர் எழுதித் தரும் மருந்தும் வேலை செய்யும். ஆனால் மாணவரின் குணம் மேம்படும் என்று சொல்லித்தானே பாடத்திட்டத்தில் அறவியலுக்கு இடம் கேட்கிறார்கள்? ஆயுள் முழுக்கப் படித்தவருக்கே வேலை செய்யாத மருந்து, ஒரு செமஸ்டர் படிக்கும் பையனுக்கு எப்படி வேலை செய்யும் என்று அடுத்த மாநாட்டில் ஓர் அமர்வு வைக்கலாம்.