தேய்மானக் கணக்கு

2001-இல் மாருதி ‘ட்ரூ வேல்யூ’ என்று பழைய கார்க் கடை தொடங்கியதிலிருந்தே பழைய காருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. இப்போது அதன் பெயர் ‘ப்ரீ-ஓன்ட்’. கிழவரை மூத்த குடிமகன் என்பதுபோல.

நான் வாங்கியது வேறொரு கடையில். ஸ்டெப்னி, ஜாக்கி, ஆஷ்ட்ரே வரை சோதித்து டிக் அடித்த சான்றிதழ், கூடவே ஓராண்டு வாரண்டி. (சிகரெட்டை விட்டுப் பல வருஷம் ஆயிற்று, ஆனாலும் ஆஷ்ட்ரே நலம் என்று படித்ததில் ஒரு நிம்மதி.) மூன்றாம் மாதம் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது கிளட்ச் கைவிட்டது.

“கிளட்ச் தேய்மானம் சார், வாரண்டில வராது” என்றார் கடைத் தம்பி.

“பிரேக் பேடு?”

“தேய்மானம்.”

“பேட்டரி, டயர், வைப்பர்?”

“அதுவும்தான் சார்.”

“பின்னே எதுக்குத்தான் வாரண்டி?”

“இன்ஜின், கியர்பாக்ஸ். உள்பாகம் மட்டும். வெளிய எங்கயாவது சர்வீஸ் விட்டிருந்தா அதுவும் கிடையாது.”

உரசாமல், தேயாமல் சும்மா இருக்கும் பாகங்களுக்கெல்லாம் முழுப் பாதுகாப்பு என்று புரிந்தது. கிளம்பும்போது தம்பி குரலைத் தாழ்த்தினார்.

“எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா சார்?”

“அதில் கிளட்ச் வருமா?”

“வராது. ஆனா ரெண்டு வருஷத்துக்கு.”