பேராண்டிக்கு ஒரு கிழவன் சொல்

வாடா பேராண்டி, வந்து இப்பிடிக் குந்து. நீல சட்டைய மடிச்சுப் பரண்ல போட்டுட்டியாமே, உங்க பாட்டி சொன்னா. சென்னையின் எஃப்சிக்கு இனிமே ஒரு கும்பிடு, மான்செஸ்டர் யுனைட்டெட் சிவப்புச் சட்டைக்கு ஆர்டர் போட்டாச்சுன்னும் சொன்னா. பேஷ்! நம்ம டீமு 2024-25 ஐஎஸ்எல் ஃபுட்பால் லீகுல பதினோராம் எடம்னு மனசு ஒடிஞ்சு கெளம்பிட்டே. போற எடம் அதே வருஷம் இங்கிலாந்து லீகுல எத்தனாவதுன்னு விசாரிச்சியா? பதினஞ்சு. பதினொண்ணுலேர்ந்து பதினஞ்சுக்குப் போறதுக்கு எதுக்குடா கடல் தாண்டணும்? கொஞ்சம் பொறுத்திருந்தா நம்மாளுங்களே கூட்டிட்டுப் போயிருப்பாங்களே.

சரி, சட்டை வந்து சேர நாளாவும். அதுக்குள்ள கிழவன் சொல்றதக் காதுல வாங்கிக்க. 2014-ல இந்த டீமு பொறந்ததுலேர்ந்து பாக்குறவன் நானு. அப்ப கோச்சு மார்கோ மெட்டராஸி. உலகக் கோப்பை ஃபைனல்ல ஜிடான் தலையால முட்டுனாரே, அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரரு. அந்த முட்டலையே தாங்குன மனுசனுக்கு நம்ம டீமு தந்த நெஞ்சுவலியத் தாங்க முடிஞ்சுதான்னு அவரத்தான் கேக்கணும்.

மொதல்ல நம்ம டீமோட கொணத்தப் புரிஞ்சுக்க. அது ஆட வந்த டீமு இல்லடா, கொடுக்க வந்த டீமு. 2024 செப்டம்பர்ல புவனேஸ்வரம் போயி ஒடிசாவ 3-2ன்னு அடிச்சாங்க. நீ குதிச்சே. "தாத்தா, இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்"னே. நான் வாயத் தொறக்கல, வெத்தலையில சுண்ணாம்பு தடவிக்கிட்டிருந்தேன். அடுத்த ஆட்டம் நம்ம நேரு ஸ்டேடியத்துல. வந்தவங்க கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங். 1891-ல தொடங்குன டீமு, ஆனா ஐஎஸ்எல்லுக்குப் புதுசு. இந்த லீகுல ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சிருக்கல. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த விருந்தாளிய வெறுங்கையோட அனுப்பினா ஊரு என்ன பேசும்? 1-0ன்னு தோத்து, அவங்களோட மொத ஐஎஸ்எல் வெற்றியத் தாம்பாளத்துல வச்சுக் குடுத்தோம்.

அத்தோட வுட்டோமா? ஜனவரில கொல்கத்தா போனோம். 2-0ன்னு முன்னால நின்னோம். தொண்ணூறு நிமிசமும் முடிஞ்சுது. ஜெயிச்சாச்சுன்னு நீ கை கழுவிட்டு இட்லி திங்க எந்திரிச்சே. நீ வாயில வைக்கறதுக்குள்ள, இஞ்சுரி டைம்ல ரெண்டு கோலையும் வட்டியில்லாம திருப்பிக் குடுத்துட்டாங்க. 2-2. பாரி முல்லைக்குத் தேரக் குடுத்தாரு. அதுவாவது அந்தக் கொடி படர எடமில்லாம வாடிக் கெடந்துச்சு. நம்மாளுங்க கேக்காதவனுக்கும் குடுக்கறவங்க.

அந்த வருஷம் லீகுல மொத எடம் மோகன் பகான், 56 பாயிண்டு. கடைசி எடம் இந்த முகமதன், 13 பாயிண்டு. நம்ம டீமு மோகன் பகான்கிட்ட அங்க போயி 1-0ன்னு தோத்துச்சு, இங்க 0-0ன்னு சமன் பண்ணுச்சு. ரெண்டு ஆட்டத்துக்கு ஒரு பாயிண்டு. முகமதன்கிட்டயும் ரெண்டு ஆட்டத்துக்கு ஒரே ஒரு பாயிண்டு. ஒசந்தவனையும் தாழ்ந்தவனையும் ஒரே கண்ணால பாக்கணும்னு பெரியவங்க மேடை போட்டுப் பேசுவாங்க. நம்மாளுங்க பாயிண்டு பட்டியல்லயே செஞ்சு காட்டிட்டாங்க. நீ என்னடான்னா அழுவுறே.

அதே டீமுதான் நவம்பர்ல ஜாம்ஷெட்பூருக்குப் போயி 5-1ன்னு பின்னி எடுத்துச்சு. மார்ச்சுல கடைசி ஆட்டத்துல அதே டீம இங்க வரவழைச்சு 5-2. அஞ்சாவதா வந்து பிளேஆஃப் ஆடுன டீமு மேல ரெண்டு ஆட்டத்துல பத்து கோலு! ஆனா கேரளா பிளாஸ்டர்ஸ்? கொச்சில 0-3, நம்ம வீட்டுல 1-3. அவங்க மட்டும் என்ன, எட்டாவதுதான் வந்தாங்க. இதுல கணக்கு எதுவும் தேடாதே. தேடுனவன் பாதி பேரு இப்ப கிரிக்கெட்டு பாக்கப் போயிட்டான்.

கேரளாவுக்கு நாம குடுக்கறது இன்னிக்கு நேத்து பழக்கமும் இல்ல. 2018-19-ல அவங்க மொத ஆட்டத்த ஜெயிச்சுட்டு, அதுக்கப்புறம் பதினாலு ஆட்டம் ஒரு வெற்றிகூட இல்லாம கெடந்தாங்க. பாவம், கோச்சைக்கூட மாத்திப் பாத்தாங்க. அந்தப் பட்டினிய முடிச்சு வச்ச புண்ணியவான் யாரு? 2019 பிப்ரவரில கொச்சி போயி 3-0ன்னு தோத்துட்டு வந்தோமே, நாமதான்.

ரெண்டாவது புத்தி. நம்ம டீமு கோப்பை ஜெயிச்சா பயப்படு, அடியில கெடந்தா தெம்பா இரு. 2015-ல பாதி லீகுக்கு மேல போயும் அடிமட்டத்துல கெடந்தோம். ஊரே கை வுட்டுச்சு. அப்புறம் வரிசையா ஜெயிச்சு அரையிறுதிக்குப் போனா, டிசம்பர் வெள்ளத்துல சென்னையே மூழ்கிப்போச்சு. நம்ம வீட்டு ஆட்டத்தப் புனேயில போயி ஆடுனாங்க. கொல்கத்தாவ 3-0ன்னு அடிச்சாங்க. ஃபைனல் கோவாவுல. தொண்ணூறாவது நிமிசம் நெருங்கறப்போ கோவா 2-1ன்னு முன்னால. பட்டாசு கட்டப் பிரிச்சிருப்பானுங்க. அப்ப அவங்க கோலியே பந்தத் தன் வலைக்குள்ள வுட்டாரு, அடுத்து நம்ம மெண்டோசா ஒண்ணு போட்டான். 3-2. கோப்பை நமக்கு. அடுத்தவன் கொடுத்ததையும் வாங்கிக்கிட்ட ஒரே நாள் அதுதான்.

2018 மார்ச்சுல திரும்பவும் கோப்பை. லீகுல நம்மள வுட எட்டு பாயிண்டு அதிகமா எடுத்திருந்த பெங்களூர, அவங்க கண்டீரவா ஸ்டேடியத்துலயே 3-2ன்னு சாச்சோம். அவங்க சேத்ரி மொத கோல் போட்டதும் நீ டிவிய அணைக்கச் சொன்னே. அப்ப நம்ம மைல்சன் ஆல்வஸ் கார்னர்லேர்ந்து வந்த பந்த ரெண்டு தடவ தலையால முட்டித் தள்ளுனாரு. ஊரெல்லாம் கொண்டாட்டம். அடுத்த பருவம் என்னாச்சு? சாம்பியன் டீமு பதினெட்டு ஆட்டத்துல ரெண்டே வெற்றி, பதிமூணு தோல்வி, மொத்தம் ஒம்போது பாயிண்டு, கடைசி எடம். நார்த் ஈஸ்ட்டுக்கு எதிரா நம்ம ஊர்ல 3-1ன்னு முன்னால நின்னு, ஒக்பெச்சே ஹாட்ரிக் போட வழி வுட்டு, 3-4ன்னு தோத்தாங்க. அந்த ரெண்டு வெற்றில ஒண்ணு யாரு மேல தெரியுமா? அந்த வருஷம் கோப்பைய ஜெயிச்ச பெங்களூரு மேல! கொடுக்கற கைக்கு வாங்கற எடமும் தெரியும்.

இப்பத்தான் விசயத்துக்கு வரேன், காதக் குடு. கடைசி எடத்துக்கு வந்தாங்களே, என்ன தண்டனை? ஒண்ணுமில்ல. அடுத்த வருஷமும் அதே லீகு, அதே ஸ்டேடியம், அதே மேளம். எட்டாங்கிளாஸ் வரைக்கும் யாரையும் ஃபெயில் போடாத பள்ளிக்கூடம் மாதிரிதான் இருந்துச்சு இந்த லீகு. நம்ம பசங்க அந்த எட்டாங்கிளாஸ்மேல எவ்ளோ பாசம் வச்சாங்கன்னா, 2020-21, 2021-22, 2022-23ன்னு மூணு வருஷமும் எட்டாவது எடத்தவுட்டு நவுரல. அதுல மொத வருஷம் இருவது ஆட்டத்துல பதினொண்ணு சமன். ஜெயிச்சா எதிராளி வருத்தப்படுவான், தோத்தா நீ வருத்தப்படுவே, யாருக்கும் நோவாம முடிச்சாங்க.

அதே 2018-19-ல, கோயம்புத்தூரு நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டின்னு ஒரு டீமு ஆடிக்கிட்டிருந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஐ-லீக் சாம்பியன் ஆச்சு. பெத்ரோ மான்சி எதிராளி கோலிங்களத் தூங்க வுடல. ஆனா அன்னிக்கு ஐ-லீக் ஜெயிச்சாலும் ஐஎஸ்எல்லுக்கு ஏற வழி கெடையாது. தமிழ்நாட்டுல ஒரு டீமு மொத எடம் வந்தும் மேல போவல, இன்னொண்ணு கடைசி எடம் வந்தும் கீழ எறங்கல. சென்னை சிட்டி இப்ப எந்தத் தேசிய லீகுலயும் இல்ல. நம்ம டீமு இருக்கு. இதத்தான் நாட்டுல மெரிட்டுன்னு சொல்றாங்க போல.

ஏற வழிய மட்டும் அப்புறமாத் தொறந்து வுட்டாங்க. அப்பிடித்தான் பஞ்சாப் வந்துச்சு, முகமதன் வந்துச்சு. எறங்குற படிய மட்டும் 2024-25 வரைக்கும் கட்டவே இல்ல. 13 பாயிண்டு எடுத்த முகமதன் சௌக்கியமா லீகுலயே இருந்துச்சு. நீ போற இங்கிலாந்துல அதே வருஷம் சவுத்தாம்டன் 12 பாயிண்டு எடுத்துச்சு, கழுத்தப் புடிச்சுக் கீழ தள்ளிட்டாங்க. 2016-ல சாம்பியன் ஆன லெஸ்டரையும் சேத்துத்தான் தள்ளுனாங்க. அங்க கடைசி மாசத்துல அடிமட்டத்து டீமுங்க ஆடுற ஆட்டத்தப் பாரு, உசுரக் குடுத்து ஓடுவானுங்க. எறங்கினா டிவி பணம் போவும், வீரனுங்க போவாங்க, ஆபீசுல வேலை பாக்குறவனுக்குக்கூடச் சம்பளம் ஆட்டம் காணும். இங்க யாருக்குப் பயம்? மொதலாளிங்களுக்கா? அபிஷேக் பச்சனுக்குப் படம் இருக்கு. தோனிக்கு மஞ்ச சட்டை இருக்கு. அந்த மஞ்ச சட்டையும் 2025 ஐபிஎல்ல பத்து டீமுல பத்தாவது வந்து, தமிழ்நாடே துக்கம் காத்துச்சு. நம்ம பதினோராம் எடத்துக்கு டீக்கடையில ஒருத்தன்கூட ‘ஏன்’னு கேக்கல.

கோச்சுங்களுக்கா பயம்? மெட்டராஸி, ஜான் கிரிகோரி, ஓவன் காயில், சாபா லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச், திரும்பவும் ஓவன் காயில், அவருக்கப்புறம் கோவாக்காரரு கிளிஃபர்டு மிராண்டா. வரவரு பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடியே போறவரு பெட்டி கட்டுறாரு. காயிலைக் குத்தம் சொல்ல மாட்டேன். 2019-20-ல நடுவுல வந்து, அடியில கெடந்த டீம ஃபைனல் வரைக்கும் இழுத்தாரு, வால்ஸ்கிஸ் கோலா அடிச்சுத் தள்ளுனான். ஆனா ஃபைனல்ல கொல்கத்தாகிட்ட 3-1ன்னு போச்சு. கொரோனாவுக்குப் பயந்து கூட்டத்த உள்ள வுடாம நடத்துனாங்க. நம்ம தோல்விய நேர்ல யாரும் பாக்கலன்னு அன்னிக்கு ஒரு ஆறுதல்.

ஆகக்கூடி இந்த லீகுல தோல்விக்கு அபராதம் கட்டுற ஒரே ஆளு யாருன்னு பாத்தா, நீதான் பேராண்டி! சோறு திங்காம, தூக்கம் இல்லாம, சட்டைய மூட்டை கட்டி, புதுச் சட்டைக்குப் பணத்தக் கட்டி. டீமு கட்ட வேண்டிய அபராதத்தத் தவணை தவறாம நீ கட்டுறே. கட்டு, வேணாங்கல. ஆனா கட்டுறவன் ரசீது கேக்கணும்ல?

என்ன கேப்பே? வெளிநாட்டுக்காரன் எத்தனை கோல் போடுவான்னு கேக்காதே. நம்ம ஊரு பசங்க எத்தனை பேரு களத்துல நிக்கறாங்கன்னு கேளு. 2018 கோப்பை வருஷம் அரையிறுதியில கோவா மேல கோல் போட்ட தனபால் கணேஷ் யாரு? நம்ம சென்னைப் பையன். சபீர் பாஷா, இந்தியாவுக்கே ஆடுனவரு, வருஷக்கணக்கா இங்க உதவிக் கோச்சா நின்னாரு. 2022-ல தற்காலிகமா நாக்காலியக் குடுத்துட்டு, வேற கோச்சு கெடச்சதும் வாங்கிக்கிட்டாங்க. நந்தகுமார் சேகர், நம்ம மெட்ராசுல பொறந்த புள்ள, 2023 டூரண்டு கோப்பையில ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரு கோல் போட்டு மோகன் பகானக் கவுத்தான். வருஷக்கணக்கா டெர்பி ஜெயிக்காத பாதி கொல்கத்தா அவனத் தலையில தூக்கி வச்சு ஆடுச்சு. வியாசர்பாடியில சந்துக்குச் சந்து பந்து ஒதைக்கிற பசங்க இருக்கானுங்க. கன்னியாகுமரிக் கடலோரத்துல தூத்தூர்ப் பக்கம் பந்துதான் பேச்சு. நாம மெனக்கெட்டு அடுத்தவனுக்கு வெற்றிய மட்டும் குடுக்கல, ஆளையும் குடுக்கறோம். வள்ளல்தனத்துக்கும் ஒரு எல்லை இல்லையா?

தோக்குறதுதான் தோக்குறோம், நம்ம பசங்களோட தோப்போம். வியாசர்பாடிப் பையன் ஒருத்தன் இஞ்சுரி டைம்ல கோட்ட வுட்டான்னு வச்சுக்க, மறுநாள் தெருவுல நடக்கறதுக்கு அவனுக்குக் கூச்சமா இருக்கும். லீகு தராத பயத்த அவங்க தெரு தரும். இதுக்கு மேல எனக்குத் தந்திரம் தெரியாது.

சிவப்புச் சட்டை வந்தா வரட்டும், ராத்திரி தூங்கறப்போ போட்டுக்க. 2025 ஜூலையில லீகையே நிறுத்தி வச்சாங்களே, ஒப்பந்தச் சிக்கல்னு. வழக்கமா செப்டம்பர்ல தொடங்குறது வரவே இல்ல. தோக்குறதுக்குக்கூட ஆட்டம் இல்லாம, சாயங்காலத்துல நீயும் நானும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு குந்தியிருந்தோம். நீ எம்மேல எரிஞ்சு வுழுந்தே, நான் உங்க பாட்டிமேல எரிஞ்சு வுழுந்தேன். அப்புறம் ஒரு வழியா 2026 பிப்ரவரிலதான் தொடங்குனாங்க. தோக்கறதக்கூட ஒருத்தன் நமக்கு நடத்தித் தரணும்னு புரிஞ்சுதா?

புரிஞ்சிருந்தா பரண்ல ஏறி அந்த நீல சட்டைய எடு. சென்னையில ஆட்டம் வந்தா ரெண்டு டிக்கெட்டு போடு, கேலரியில கத்தறவங்களுக்கு நடுவுல, எனக்கும் ஒண்ணு. காசு நீயே குடுத்துடு பேராண்டி, அபராதம் கட்டிப் பழகுன கை உன்னோடது.