அடுத்த ஸ்டேஷன் நாசரேத்

திருநெல்வேலியில் திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடித்து உட்கார்ந்தால் ஸ்ரீவைகுண்டம் கழிந்ததும் ஆழ்வார்திருநகரி வரும். அது கழிந்தால் நாசரேத். நம்மாழ்வாருக்கும் ஏசுநாதருக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது. 1923-ல் இந்தத் தடத்தைப் போட்டவர்களுக்கு விளையாட்டு எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து மார்கழி முடிகிற வரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறக்கம் இல்லாமல் போனதற்கு இந்த ஒரு ஸ்டேஷன் தூரம்தான் காரணம்.

உறக்கமின்மை எங்கள் ஊரான ஆழ்வார்திருநகரிக்குப் புதிதல்ல. கோயிலுக்குள் இருக்கிற புளியமரத்துக்கே உறங்காப்புளி என்றுதான் பெயர். மற்றப் புளியமரமெல்லாம் பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும், இது மூடாது என்பது ஐதீகம். சின்ன வயதில் அதைச் சோதித்துப் பார்க்க நாங்கள் நாலு பேர் டார்ச் லைட்டோடு போனோம். “மூஞ்சில லைட் அடிச்சா நீ உறங்குவியால?” என்று ஒரு பெரியவர் விரட்டிவிட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

விளக்கு பார்க்க ஊர்விட்டு ஊர் கிளம்புகிற பழக்கத்தைத் தொடங்கிவைத்தவரே எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். மதுரகவி ஆழ்வாருக்குப் பிறந்த ஊர் திருக்கோளூர். வடக்கே யாத்திரை போனவர் அயோத்தியில் இருக்கும்போது தென்திசையில் ஒரு ஒளியைக் கண்டார். அதையே பார்த்துக்கொண்டு நடந்தார், நடந்தார், கடைசியில் குருகூர் என்கிற எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் வந்து நின்றார். அங்கே நம்மாழ்வார் உட்கார்ந்திருந்தார். குருபரம்பரை சொல்லுகிற கதை இது. திருக்கோளூரிலிருந்து குருகூருக்கு, விடியற்காலையில் கிளம்பினால் காலைக் காப்பிக்கு வந்து சேர்ந்துவிடலாம். ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முடிவில் ஒரு வரி சேர்ப்பாள்: “வீட்டுல கெடந்திருந்தா ஒரு எட்டுல பாத்திருக்கலாம். ஆம்பளைக்கு அயோத்தி வரைக்கும் போனாத்தான் கண்ணு தெரியும்.”

எங்கள் வீட்டில் விளக்குக் காலம் திருக்கார்த்திகையில் தொடங்கும். அதே நாளில் மழையும் இருக்கும். வடகிழக்குப் பருவமழை பஞ்சாங்கம் பார்க்காது என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. ஆச்சி கிளியாஞ்சட்டிகளைத் திண்ணையில் வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, முதல் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்வாள். அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். எங்களுக்குக் கொடுத்திருந்த சோலி, தீப்பெட்டியும் கையுமாக நின்று, அணைந்ததை ஏற்றுவது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஊரெல்லாம் பற்றும், எங்கள் திண்ணையில் கார்த்திகையன்றைக்கு மட்டும் நமத்துப் போயிருக்கும். கடைசி விளக்கை ஏற்றி முடிப்பதற்குள் முதல் மூன்றும் அணைந்திருக்கும். மொத்த வரிசையும் ஒன்றாக எரிந்து நான் பார்த்தது வாழ்க்கையில் ஒரு தடவைதான். அன்றைக்கு எல்லாரும் கோயிலில் சொக்கப்பனை பார்க்கப் போயிருந்தார்கள். நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

மழையிலும் நனையாத பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. மாவலி. ஆண்பனையின் பூவை வெட்டிக் காயவைத்து, குழியில் போட்டுத் தீ மூட்டி, சாம்பலாகிவிடாமல் மண்ணைப் போட்டு மூடினால் கரியாகும். அந்தக் கரியை இடித்துப் பழைய வேட்டித் துணியில் விரல் பருமனுக்கு இறுக்கிச் சுற்றி, பனைமட்டைச் சிம்புகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நீளமாக ஒரு கயிறு. நுனியில் ஒரு கங்கை வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் பொறி வட்டம் வட்டமாகப் பூத்துக் கொட்டும். சத்தம் கிடையாது, வாசனை கிடையாது, காசும் கிடையாது. மத்தாப்பெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். “பழைய வேட்டித் துணி” என்பதில்தான் சிக்கல். பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் எது பழைய வேட்டி என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு வருஷம் மாவலியிலிருந்து பறந்த பொறி, அவர் உடுத்தியிருந்த வேட்டியிலேயே நாலு ஓட்டை போட்டது. அதற்குப் பிறகு அதுவும் பழைய வேட்டி ஆகிவிட்டது. அடுத்த வருஷத்துக்கு உதவியது.

பனை இல்லாமல் எங்களுக்குக் கார்த்திகை இல்லை. எரிவது பனை, சுற்றுவது பனை, தின்பதும் பனை. குருத்தோலையை நறுக்கி, அரிசி மாவும் உடன்குடிக் கருப்பட்டியும் தேங்காயும் சுக்கும் ஏலமும் பிசைந்து உள்ளே வைத்து அவித்தால் ஓலைக் கொழுக்கட்டை. ஓலையைப் பிரிக்கும்போது வருகிற வாசனைக்காகவே மழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கார்த்திகை முடிந்தால் விளக்கு ஆசையும் முடிய வேண்டும், முடியாது. அடுத்த ஸ்டேஷனில் நட்சத்திரம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆற்றில் இருந்து பார்த்தாலே தெற்கு வானம் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிற மாதிரி பெரியப்பாவுக்குத் தோன்றும். மதுரகவிக்கு வந்த அதே நோய்தான். “ஏல, ஒளி தெரியுது, கிளம்புங்க” என்பார். மதுரகவி தனியாளாக நடந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை. குடும்பத்தோடு கிளம்பியிருந்தால் மதுரகவி காசியைத் தாண்டியிருக்க மாட்டார்.

ரயிலில் ஒரே ஸ்டேஷன். ஆனால் பெரியப்பா வேன் பிடிப்பார். ஒன்பது பேர் உட்காரும் வேனில் பதினாலு பேர் போவோம். “பிள்ளைகள் அரை ஆள், கிழடுகள் முக்கால் ஆள்” என்பது அவர் கணக்கு. ஆச்சி முக்கால் ஆளாக இருக்கச் சம்மதிக்காமல் முன் சீட்டில் முழு ஆளாக உட்காருவாள்.

நாசரேத் அன்றைக்குப் பார்க்க வேண்டிய ஊர். வீட்டுக்கு வீடு மூங்கிலில் நட்சத்திரம், வாசலில் குடில், குடிலுக்குப் பக்கத்தில் சவுக்கு மரத்தின் கொப்பு ஒன்று கிறிஸ்துமஸ் மரமாகப் பதவி உயர்வு பெற்று நிற்கும். அதன் மேலெல்லாம் பஞ்சு. பனியாம். எங்கள் சீமையில் கண்ணால் யாரும் பார்க்காத சாமான் அது. உள்ளே ஓடுகிற ஃபேன் காற்றில் அந்தப் பனி மெல்லப் பறந்து வந்து எங்கள் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் பனி என்று சொல்லுவது மார்கழிக் காலையில் புல்லை நனைக்கிறதே, அதைத்தான். 22 டிகிரிக்கு இறங்கினாலே தாத்தா மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, மண்டைக்கு மேல் மப்ளரும் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார்.

குல்லா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மார்கழியில் எங்கள் கோயிலில் பகல் பத்து, இராப்பத்து நடக்கும். அப்போது அரையர் சேவை உண்டு. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி, அரையர்கள் இன்னும் பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிக்கிற மிகச் சில கோயில்களில் எங்களுடையதும் ஒன்று. அவர்கள் தலையில் கூம்பு மாதிரி உயர்ந்த வெல்வெட் குல்லாய் இருக்கும், கையில் தாளம். அதே மாதம் அடுத்த ஸ்டேஷனில் கிறிஸ்துமஸ் தாத்தா சிவப்புக் கூம்புக் குல்லாவோடு, கம்பளி அங்கியில் ஆறாய் வியர்த்துக்கொண்டு மிட்டாய் கொடுப்பார். நடுவில் எங்கள் தாத்தா மங்கி குல்லாவில். சின்ன வயதில் எனக்கு இவர்கள் மூவரும் ஒரே இலாகா என்ற எண்ணம் வெகுநாள் இருந்தது.

நாசரேத்தில் பெரியப்பாவோடு வேலை பார்த்த சார் வீட்டுக்குப் போவோம். நாங்கள் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோவோம், அவர்கள் கேக்கும் அச்சு முறுக்கும் தருவார்கள். பெரியப்பா முட்டை தொட மாட்டார். வருஷா வருஷம் கேட்பார்: “கேக்குல முட்டை போட்டிருக்கா சார்?” சார் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “கேக்குல ஏது அண்ணாச்சி முட்டை?” என்பார். பெரியப்பா மூன்று துண்டு சாப்பிடுவார். உள்ளே இருந்து அவர் வீட்டம்மா சிரிப்பதும் வருஷா வருஷம் கேட்கும். இரண்டு ஊரும் ஒற்றுமையாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் நான் காட்ட முடியாது.

அங்கிருந்து மெய்ஞ்ஞானபுரம். ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. தேரிக் காட்டிலும் பனங்காட்டிலும் அவ்வளவு உயரமாக வேறு எதையும் நாங்கள் பார்த்ததில்லை. ஒரு வருஷம் கோபுரத்துக்கு நேரே வேனை நிறுத்தி எல்லாரும் இறங்குகிற சமயம் மழை பிடித்தது. உடனே கரண்டும் போனது. சீரியல் செட்டெல்லாம் ஒரே சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டன. பெரியப்பா விடவில்லை. டிரைவரிடம் வேனைப் பின்னால் எடுத்து ஹெட்லைட்டைக் கோபுரத்தின் மேல் அடிக்கச் சொன்னார். வெளிச்சம் வாசல் படி வரைக்கும்தான் ஏறியது. “இன்னும் கொஞ்சம் தூக்குங்க தம்பி” என்றார். வேனை எப்படித் தூக்குவது என்று டிரைவர் பணிவாகக் கேட்டார். அந்த நேரம் ஒரு மின்னல் வெட்டியது. அடியிலிருந்து உச்சி வரைக்கும், ஒவ்வொரு கல்லையும் எண்ணுகிற மாதிரி, கோபுரம் முழுசாக வெள்ளையாய் நின்றது. ஒரு நொடிதான். பதினாலு பேரில் அதைப் பார்த்தது ஆச்சியும் நானும் மட்டும். மற்றவர்கள் இருட்டில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் நடந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்த்துவிட்டு வந்த ஆசையில் பெரியப்பா டவுனில் ஒரு சீரியல் செட் வாங்கினார். அறுபது பல்பில் ஒரு பல்பு போனால் அறுபதும் போகிற ஜாதி. எந்தப் பல்பு என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவதிலேயே மார்கழி கழிந்தது. தைப்பொங்கல் அன்றைக்கு எரிந்தது, பகல் பதினொரு மணிக்கு.

2023-ல் இந்தக் கதையில் சிரிப்பு இல்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பேர் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் கரண்ட் வரவே பல நாள் ஆனது. அந்த இருட்டில் எரிந்தது கார்த்திகைக்கு வாங்கி மிச்சமிருந்த கிளியாஞ்சட்டிகள். அன்றைக்கென்று பார்த்துக் காற்று இல்லை, ஒன்றும் அணையவில்லை. ஆச்சி இருந்திருந்தால் என்னை நம்பியிருப்பாள்.

அயோத்தியிலிருந்து நடந்து வந்த மதுரகவி பாடியது மொத்தம் 11 பாட்டு. நாசரேத் வரை வேனில் போய்வந்த பெரியப்பா மாசி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். இப்போதும் வேன் பிடிக்கிறார், இப்போது அவரே முக்கால் ஆள்.

இந்த டிசம்பரில் எங்கள் பக்கம் விளக்கு பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆளுக்கு இரண்டு குடை கொண்டு வாருங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று விளக்குக்கு. மெய்ஞ்ஞானபுரம் பார்த்துவிட்டு அப்படியே முதலூர் போய், தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா வாங்காமல் திரும்பாதீர்கள். திரும்பும்போது ஆழ்வார்திருநகரி வழியாக வாருங்கள். அல்வாவில் ஒரு கிலோ கூடுதலாகவே கட்டச் சொல்லுங்கள். அதில் முட்டை கிடையாது, பெரியப்பா விசாரித்துவிட்டார்.