மாமியார் வீட்டுக்கு மாளிகை முகப்பு

கேள்வி: கம்பி எண்ணப் போகிறவனுக்குக் கட்டடம் அழகாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பதில்: அவனுக்கு ஒன்றுமில்லை. ஊருக்கு வரும் பணக்காரருக்குத்தான் கண் உறுத்தும்! அமெரிக்காவின் புளோரிடாவில், 1565-ல் ஸ்பானியர் நிறுவிய கடற்கரை ஊர் செயின்ட் அகஸ்டின். ஸ்டாண்டர்ட் ஆயில் கோடீஸ்வரர் ஹென்றி பிளாக்லர் அங்கே 1888-ல் போன்ஸ் டி லியோன் ஓட்டலைத் திறந்தார். பக்கத்திலேயே பழைய கவுண்டி ஜெயில். குளிருக்குத் தப்பி வந்த சீமான்களுக்கு அந்தக் காட்சி ஆகுமா? 10,000 டாலரை எடுத்து நீட்டி, ஜெயிலையே தள்ளிப் போகச் செய்துவிட்டார்.

1891-ல் எழுந்த புதுக் கட்டடத்தின் கோபுரம் என்ன, முகப்பு என்ன! வண்டியை விட்டு இறங்கினால் அறை வாடகை விசாரிக்கத் தோன்றும். உள்ளே போனால்தான் ஜெயில் கட்டும் பவுலி கம்பெனியின் இரும்புக் கூண்டுகள். ஷெரிப்பின் குடும்பமும் அதே கூரையின் கீழ்தான் குடியிருந்தது. தொட்டில் ஒரு பக்கம், விலங்கு ஒரு பக்கம். அந்தப் பிள்ளைகள் எப்படித் தூங்கினார்களோ! பின்னால் தூக்குமரம், 8 பேர் உயிர் அங்கே போயிற்று.

1953 வரை ஜெயிலாக இருந்தது, இன்று அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் தூக்குமரத்தடியில் பல்லைக் காட்டி செல்ஃபி எடுப்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. செத்தவன் குற்றவாளியானாலும் அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.