மேக்கப் பிரஷுக்குத் தோயவார்க்கும் முறை

முதலில் நாள் பார்க்கவேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் மேக்கப் பிரஷை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது. அந்தச் சங்கத்தில் எங்கள் உடுப்பிட்டி டொக்டர் ஒருவராவது இருக்கக்கூடும்; ஆனால் அவர் வீட்டிலும் ஊர்ப் பஞ்சாங்கம்தான் செல்லும். நமது பஞ்சாங்கப்படி பிரஷ் கழுவ உகந்த நாட்கள் இரண்டு: கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு, அல்லது மகளின் முகத்தில் பரு கிளம்பியதற்கு அடுத்தநாள் காலை. இரண்டும் தவறினால் கனடா மாமி வரும்வரை பொறுத்திருக்கலாம். புதுசு கொண்டுவருவா.

பொறுத்தால் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பர்மிங்காமில் உள்ள அஸ்டன் பல்கலைக்கழகத்தார் பாவித்த அழகுசாதனப் பொருட்கள் 467ஐச் சேர்த்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பொருட்களில் கிருமி. பவுண்டேஷன் ஒற்றும் பஞ்சுகளில் 93 சதவீதம் ஒருநாளும் கழுவப்படாதவை. 64 சதவீதம் நிலத்தில் விழுந்தும் பாவனையில் இருந்தவை. நாங்கள் அப்படியில்லை, நிலத்தில் விழுந்தால் எடுத்து ஊதிவிட்டுத்தான் முகத்தில் வைப்போம். காலையும் மாலையும் முற்றம் கூட்டுகிற சனம் நாங்கள். சாப்பிட்ட கோப்பை கழுவாமல் கிடந்தால் மூதேவி வருவாள் என்று பிள்ளைகளை ஏசுவோம். ஒரு சாமத்திய வீடு, இரண்டு கல்யாணம், ஒரு பள்ளிக்கூட நடனம் என்று அத்தனை பேரின் வியர்வையையும் குடித்த பிரஷை மட்டும் உறையில் சுருட்டி அலுமாரிக்குள் பூட்டி வைப்போம். மூதேவிக்கு அலுமாரித் திறப்பு கிடையாதுதானே.

நாள் குறித்தாயிற்று. அடுத்தது சாதி பார்த்தல். கல்யாணப் பேச்சில் பார்க்கக்கூடாத சாதியைப் பிரஷில் கட்டாயம் பார்க்கவேண்டும். ஆட்டு மயிரா, அணில் மயிரா, நைலோனா? நைலோன் மினுங்கும், ஒரே தடிப்பாய் இருக்கும். ஆட்டு மயிரை நனைத்தால் ஆட்டுக் கொட்டில் மணம் லேசாய் எழும்பும். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் இந்த மணத்தைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருப்பது நல்லது.

ஆட்டு மயிர்ப் பிரஷை இளக்காரமாய் நினைக்கவேண்டாம். ஜப்பானில் ஹிரோஷிமாவுக்கு அருகே குமனோ என்றொரு ஊர். அந்நாட்டுத் தூரிகைகளில் சுமார் 80 சதவீதம் அங்கேதான் கட்டப்படுகின்றன. எழுத்துத் தூரிகை கட்டிய கைகளே பிறகு மேக்கப் பிரஷும் கட்டின. 2011இல் பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை வென்றுவந்த ஜப்பான் அணிக்கு அரசாங்கம் கொடுத்த நினைவுப் பரிசு குமனோ மேக்கப் பிரஷ்தான். அப்படிப்பட்ட சாமானைக் கழுவாமல் வைத்திருப்பது கிண்ணத்தில் கருவாடு போட்டு வைப்பதற்குச் சமம். மயிர்ப் பிரஷில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் அடிக்கக்கூடாது, காய்ந்து முறியும். நைலோன் தாங்கும்.

இனித் தண்ணீர். உலகத்து வழிகாட்டிகள் எல்லாம் உடுப்பிட்டியைக் கைவிடுகிற இடம் இதுதான். "வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து அலசவும்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு எங்கள் கிணற்றைத் தெரியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டு கிணற்றில் ஊறுகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் பொருக்குப் பிடிப்பது அந்தக் கல்தான். இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் தேய்த்தால் நுரை வருவதற்குள் அதன் கொழுப்பமிலம் கல்சியத்தோடு சேர்ந்து திரைந்து, வெள்ளைப் படிவாய்ப் பிரஷுக்குள் குடியேறிவிடும். காய்ந்தபின் பிரஷ் விறைத்து நிற்கும். "இப்பதான் துப்புரவாய் இருக்கு" என்று வீட்டார் மகிழ்வார்கள். மணப்பெண்ணின் கன்னம் மட்டும் உண்மையை அறியும்.

ஆகவே சவர்க்காரக் கட்டியைக் கிணற்றுக்கட்டிலேயே விட்டுவிட்டு ஷாம்புவை எடுங்கள். அதிலுள்ள அழுக்குநீக்கி வேறு இனம்; கல்சியத்தோடு அவ்வளவாய்ச் சம்பந்தம் கலக்காது. (2022 ஆகஸ்டில் டொலர் இல்லாமல் 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியவர்கள் ஷாம்புவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். கொழும்புக்கு எங்கள் தண்ணீரின் நிலைமை எப்போது தெரிந்தது?) கிணற்றுத் தண்ணீரிலும் மேலானது கூரைப் பீலியில் வடிகிற மழைத் தண்ணி. ஐப்பசி, கார்த்திகையில் பீலிக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள். அது ஓட்டுத் தூசையும் காக எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். கோடையில் கிணற்றுத் தண்ணீர்தான் கதி என்றால், கடைசி அலசலுக்கு ஒரு பேணித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினாகிரி விடுங்கள். சுண்ணாம்பு கழன்றுபோகும்.

தோயவார்ப்பு என்றாலும் பாலறுகு வைக்கத் தேவையில்லை. எண்ணெய் வைக்கலாம்: களி பவுண்டேஷன் ஊறிய பிரஷுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் இறுகிய பூச்சு இளகும். அந்த நேரம் பார்த்து அம்மம்மா அரப்புக் கரைத்துக்கொண்டு வருவா. மரியாதையாய் வாங்கி உங்கள் தலைக்கு வைத்து முழுகுங்கள். பிரஷுக்குள் போனால் திப்பி சிக்கும். பிறகு உள்ளங்கையில் ஷாம்பு ஒரு சொட்டு விட்டு, பிரஷ் நுனியால் வட்டம் போடுங்கள். முதலில் வருவது மண்ணிறத் தண்ணீர், பிறகு ரோசா, பிறகு கண் மையின் கறுப்பு. போன ஆவணிக் கல்யாணம் முழுவதும் உங்கள் கைரேகை வழியே வடியும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக்கூடாது.

மயிரையும் பிடியையும் பொருத்தும் தகரக் கழுத்துக்குள் தண்ணீர் போகவிடாதீர்கள். உள்ளே இருப்பது பசை. அது இளகினால் பிரஷ் மொட்டையாகும், உதிர்ந்த மயிர் மாப்பிள்ளை பார்க்கிற நேரம் பெண்ணின் மூக்கில் ஒட்டும். அதனால் வாளிக்குள் ஊறப்போடுவதும் கூடாது, தலைநிமிர்த்திப் பிடித்து வார்ப்பதும் கூடாது. நுனி எப்போதும் கீழே.

உலர்த்துவதில்தான் குடும்பம் இரண்டுபடும். அம்மா வெயில் கட்சி. ஒடியலும் வடகமும் காய்கிற வெயில் பிரஷுக்கு மட்டும் ஆகாதோ என்று கேட்டுச் சுளகில் வைத்துவிடுவா, செத்தல் மிளகாய்க்குப் பக்கத்தில். அந்தப் பிரஷ் கண்ணிமையைத் தொட்டால் தாலி கட்டுமுன்பே பெண் அழுவாள். பெற்றாரைப் பிரிகிற துயரம் என்று சபை உருகும். வெயில் பசையையும் கெடுக்கும், ஆட்டு மயிரையும் கெடுக்கும்.

அப்பா மண்ணெண்ணெய்க் கட்சி. "கேற்றுக்குப் பெயின்ற் அடிச்ச பிரஷை நான் எப்பிடி வைச்சிருக்கிறன் பார்!" என்பார். மண்ணெண்ணெயை மன்னிக்கமுடியாது. ஆனால் கொட்டிலுக்குள் போய்ப் பாருங்கள்: அவருடைய பிரஷ்கள் எல்லாம் ஆணியில் தலைகீழாய்த் தொங்கும். இந்த விஷயத்தில் அப்பா சொல்வதே சரி. நிமிர்த்திக் கிளாசில் குத்தி வைத்தால் ஈரம் கழுத்துக்குள் இறங்கும். துவாயால் ஒற்றி, நுனியை விரலால் திருத்தி, நிழலில் தலைகீழாய்த் தொங்கவிடுங்கள். கொடியில் உடுப்புக் கிளிப் போட்டாலும் போதும். கோடையில் ஓர் இரவு. மாரியில் கூடுதலாய் ஒருநாள் விடுங்கள். "பல்லு மினுக்கிற பிரஷுக்கும் இந்த ஆரவாரமே?" என்று வேலிக்கு அந்தப்பக்கம் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், நேரம் போகும்.

கடைசியாக, அலங்காரம் செய்ய வீட்டுக்கு வருகிறவரிடம் "பிரஷ் கழுவினதோ, தங்கச்சி?" என்று கேளுங்கள். காசு கொடுப்பவர்கள் நீங்கள். கேட்கக் கூச்சமென்றால், கண்ணுக்குப் பாவிக்கிற சின்னப் பிரஷ் இரண்டையாவது கழுவி உங்கள் கையோடு வைத்திருங்கள். வீட்டில் ஒருவருக்குக் கண்ணோய் வந்துவிட்டால் அவர் பாவித்த கண் பிரஷைக் கழுவிக்கொண்டு நிற்கவேண்டாம், எறியுங்கள்.