பத்தியமும் பிரியாணியும்

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் விருந்து என்றால் தேக்சா நிறையப் பிரியாணிதான். சைவக்காரர் தயங்கினால், பரிமாறுபவர் கரண்டியால் கறியை ஒதுக்கிவிட்டு, “இது குஸ்கா சார், பீஸே இல்ல” என்பார். சீரகச் சம்பா வெந்தது கறிச்சாற்றில் என்பது சமைத்த பண்டாரிக்குத் தெரியும். பத்தியக்காரருக்கு மிஞ்சுவது தயிர்வெங்காயம். தொட்டுக்கொள்ளத் தரும் கத்தரிக்காயில் எண்ணெய் மிதக்கிறதே!

அரசாங்கப் பத்தியம் வேறு ரகம்.

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. இருபதுக்கும் மேற்பட்ட வகைகள். மாட்டுக்கறி கிடையாது. அதுவும் மாட்டுத்தோல் பதனிடும் ஊரில். வெளியே இலவசமாக மாட்டுப் பிரியாணி தருவோம் என்று சில அமைப்புகள் கிளம்பின. நல்லவேளை, மழை எச்சரிக்கை கைகொடுத்தது, விழா தள்ளிப்போனது.

மாட்டுக்கறியை விலக்கியதை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.