ஒரே ஒரு வாய்

"ஒரே ஒரு வாய்தானே, என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்கும் மாமாவை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாய் வளர்ப்பவர் அவரல்ல. நாய் உள்ள வீட்டில் சாப்பிட உட்காருபவர், அவ்வளவுதான். இலையோரத்தில் கேசரியை உருட்டி வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் மோர் எடுக்கத் திரும்பும் நொடிக்காகக் காத்திருப்பார். கை மேஜைக்கடியில் போய், சுத்தமாக நக்கப்பட்டு மேலே வரும். முகத்தில் ஒன்றும் தெரியாது. கணக்குத்தான் உதைக்கிறது. 70 கிலோ மாமாவின் ஒரு வாய், 7 கிலோ பொமரேனியனுக்குப் பத்து வாய். கேசரியில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எத்தனை பழத்தில் கெடும் என்று கால்நடை மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாம்பார் வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாதிப்பு வெளியே தெரியச் சில நாள் பிடிக்கும் என்பதுதான் மாமாவுக்கு வசதி. சாயங்காலமே நாய் துள்ளுவதைக் காட்டி, "பார்த்தீங்களா?" என்பார். முயல் வளர்க்கும் வீட்டுக்குக் கிலோக்கணக்கில் கேரட் வாங்கிப் போவதும் இவரே. முயலுக்கு வேண்டியது உலர்ந்த புல். ஆயுசுக்கும் வளரும் பல் அதை மென்றுதான் தேய வேண்டும்.

"கிராமத்து நாயெல்லாம் மிச்சம்மீதியைத் தின்னுட்டு நல்லாத்தானே இருக்கு?" என்பது அவருடைய பெரிய வாதம். நன்றாக இருந்தவற்றைத்தான் அவர் பார்த்திருக்கிறார். செத்தவை சாட்சிக்கு வருவதில்லை. தவிர, அவற்றுக்குக் கிடைத்தது பழைய சோறும் நாளெல்லாம் ஓட்டமும். மூன்றாவது மாடியில் ஃபேனுக்கடியில் படுத்திருக்கும் பொமரேனியனுக்கு நெய்யும் முந்திரியும் போனால் கணையம் வீங்கலாம். "பாவம், எப்படிப் பாக்குது பாருங்க!" என்பது அடுத்த வாதம். பார்க்கத்தான் செய்யும். உள்புருவத்தைத் தூக்கிக் கெஞ்ச நாய்க்கென்று நன்கு வளர்ந்த தசை இருக்கிறது, ஓநாய்க்கு அது பெயரளவுக்குத்தான் என்று 2019இல் வந்த உடற்கூறு ஆய்வு ஒன்று காட்டியது. வயிறு நிறைந்திருந்தாலும் அந்தப் புருவம் ஏறும். அதுவும் இவர் நாற்காலியருகே மட்டும் ஏறுகிறதென்றால், பழக்கியது யார்?

அன்பில் குறையில்லாதவர்தான். நாய்க்கும் அவரைக் கண்டால் வால் நிற்காது. ஆனால் கேட்டுவிட்டு ஒரு துண்டு வெள்ளரிக்காய் கொடுக்கலாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிவரை நடக்கலாம். அதற்கென்றால் மாமாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி வாந்தியைத் துடைப்பவரும், லீவு போட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரும், டிரிப்ஸுக்குப் பணம் கட்டுபவரும் வீட்டுக்காரர். விஷயம் தெரிந்ததும் மாமா போன் செய்து அக்கறையாகக் கேட்பார்: "ஏன், நீங்க அதுக்கு ஒழுங்கா சாப்பாடு போடறதில்லையா?"